குளிக்க விடுகிறார்களா? – குழந்தைகளோடு குற்றாலத்துக்குக் காரில்

தென்காசிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஜூன் பிறந்ததும் அவர்களுக்குச் சென்னையிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். நலம் விசாரிப்பு இரண்டு வரியில் முடிந்து, "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்பதில் வந்து நிற்கும். பெரியவர்கள் மட்டும் போவதென்றால் இந்த ஒரு கேள்வி போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். குளிக்க விடுகிறார்களா? விடவில்லையென்றால் அன்றைக்கு என்ன செய்யப் போகிறோம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து. சென்னையிலிருந்து தென்காசிக்கு ஏறக்குறைய 630 கிலோமீட்டர். அத்தனை தூரம் வண்டி ஓட்டிவந்த களைப்பில், பின்சீட்டில் பிள்ளைகள் "எப்பப்பா குளிப்போம்" என்று நச்சரிக்கும்போது, "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்ற எண்ணம் பெற்றவர்களைப் பிடித்துக்கொள்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சொல்லவைப்பது அந்த எண்ணம்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஓரமாகக் கால் மட்டும் நனைத்துவிட்டு வரலாம் என்று தூண்டுவதும் அதுவே. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் ஏற்பாடுகளில் பாதி, அந்த எண்ணம் வராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

எந்த மாதம்

குற்றாலத்துச் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு வருவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று கணக்கு. நல்ல சாரலும் அளவான தண்ணீரும் பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை. கேரளத்தில் கொட்டும் மழையின் மிச்சம் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு நுழைந்து இந்தப் பக்கம் தூறலாக விழுகிறது. பள்ளிக்கூடத்தின் கோடை விடுமுறையோ ஏப்ரல் கடைசியும் மே மாதமும். சீசன் தொடங்கும்போது பள்ளியும் திறந்துவிடும். மே மாதம் ஆசையாகப் போய்க் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

மே மாதத்தில் பாறை காய்ந்திருப்பதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியில் நிற்கிற நமக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரியாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெள்ளம் இறங்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இதே கதைதான். அப்போது சாரல் கிடையாது, கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும். நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டம் வேறு.

ஆகவே சிறு பிள்ளைகள் இருந்தால் ஜூலையில் அல்லது ஆகஸ்டில், சனி ஞாயிறை விட்டுவிட்டு, இரண்டு நாள் பள்ளிக்கு விடுப்புப் போட்டுப் போய்வருவது உத்தமம். விடுப்புக் கேட்கக் கூச்சப்படும் பெற்றோர் சனிக்கிழமை பிற்பகல் பேரருவிக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போது மனம் மாறிவிடுவார்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போகிறோம் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். "அருவியில் குளிக்கப் போகிறோம்" என்று சொல்லாதீர்கள். "தென்காசிக்குப் போகிறோம், தண்ணீர் அளவாக விழுந்தால் குளிப்போம்" என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இந்த வித்தியாசம் புரியும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அருவிக்கரையில் உங்களுக்கு இருக்கக் கூடாது.

தூரத்தை எப்படிப் பிரிப்பது

சென்னை – திருச்சி ஏறக்குறைய 330 கிலோமீட்டர், திருச்சி – மதுரை 135, மதுரை – தென்காசி 160. ஒரே மூச்சில் போனால் சாப்பாடு, டீ, கழிப்பறை எல்லாம் சேர்த்துக் குழந்தைகளோடு பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஓட்டுநர் ஒருவர்தான், பிள்ளைகள் ஏழு வயதுக்குக் கீழே என்றால் திருச்சியிலோ மதுரையிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். விடுதி வாடகை வீண் செலவு இல்லை.

நம்மவர்களுக்கு ராத்திரிப் பயணத்தில் ஒரு மோகம் உண்டு. குழந்தைகள் தூங்கிவிடுவார்கள், போக்குவரத்தும் குறைவு, வெயிலும் இல்லை. எல்லாம் உண்மை. அதோடு, நள்ளிரவு தாண்டியதிலிருந்து விடியும்வரை மனித உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும் நேரம் என்பதும் உண்மை. பகல் முழுக்க அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும் அப்பாவுக்கு விக்கிரவாண்டி வரை உற்சாகமாக இருக்கும். அதற்கப்புறம் நேரான நாலுவழிச் சாலையே தாலாட்டும். பின்சீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டால் அவரிடம் பேச்சுக்கொடுக்கவும் ஆளில்லை. அதிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள். பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கி வண்டியில் கிடத்தி, கார் சீட்டில் பெல்ட்டும் போட்டுவிட்டால் செங்கல்பட்டு தாண்டும்வரை தூங்குவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், ஓட்டுகிறவர் உட்பட.

கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று யோசிக்கலாம். சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பிக் காலையில் தென்காசியில் இறக்கிவிடும். உள்ளூரில் ஒரு வண்டி வைத்துக்கொண்டால் போதும். கார்ப் பயண வழிகாட்டியில் ரயிலைச் சிபாரிசு செய்வது விநோதம்தான். ஆனாலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதுவே மேல்.

மடி ஆபத்து

முன்சீட்டில் அம்மா மடியில் குழந்தை என்பது நம் ஊரில் பாசத்தின் அடையாளமாகவே இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மீதாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், பத்துக் கிலோக் குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 280 கிலோ எடையைத் தாங்குகிற பிடி வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. முன்னால் ஏர்பேக் விரிந்தால் குழந்தை அதற்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை சீட் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் கார் சீட் வாங்குங்கள், அல்லது நண்பர் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் இருக்கை சும்மா கிடந்தால், அது விபத்தில் சிக்காதது என்று தெரிந்தால், கடன் கேளுங்கள். கைக்குழந்தைக்கும் இரண்டு வயது வரையிலும் பின்பக்கம் பார்த்து அமரும் இருக்கை. அதைப் பின்சீட்டில்தான் வைக்க வேண்டும். அடுத்து முன்பக்கம் பார்த்த, உடம்போடு சேர்த்துக் கட்டும் வார் உள்ள இருக்கை. அதற்குமேல், பிள்ளை 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டர். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் படாமல் தொடைமேட்டில் படிய வேண்டும், மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளெலும்பின் மேல் போக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பூஸ்டர் தேவையில்லை.

வாடகை வண்டியில் கார் சீட் இருக்காது. முன்பதிவு செய்யும்போதே பின்பெல்ட்டுகள் வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள். பல வண்டிகளில் அவை சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். ஏழு பேர் வண்டியில் சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேர் ஏறுவதாக இருந்தால் இன்னொரு வண்டி பிடியுங்கள். கடைசி வரிசையில் பிள்ளைகளை உட்காரவைத்து அவர்கள் தலைக்குப் பின்னால் பெட்டிகளை அடுக்குவது மிகவும் தவறு. பின்கதவுகளில் சைல்டு லாக்கைப் போட்டுவிடுங்கள். "ஒரு நிமிஷம்தானே" என்று ஏசியை அணைத்துவிட்டுக் குழந்தையை வண்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும்.

வண்டியை ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் காட்டினால் பழுது கண்டுபிடிக்க மட்டும்தான் நேரமிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஆறு வருடம் தாண்டியிருந்தால், ஓடாத டயராக இருந்தாலும், மாற்றுவது நல்லது. ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். வைப்பர் ரப்பரை மறந்துவிடாதீர்கள். கடையநல்லூர் தாண்டினால் அது சும்மா இருக்காது. பாஸ்டேக்கில் போதிய பணம் போட்டுவையுங்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

வயிறு

காரில் வாந்தி வருவது இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில்தான் அதிகம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது. செல்போனையோ புத்தகத்தையோ பார்க்கும் கண் "இல்லை, அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. இந்தக் குழப்பம்தான் வாந்தி. எனவே வாந்திக்கு முதல் மருந்து செல்போனைப் பிடுங்குவது. நடுச்சீட்டில் உட்காரவைத்து முன்கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டத் தின்றதும் ஆகாது. டேஷ்போர்டில் வைக்கும் வாசனைப் புட்டியைக் கழற்றி எறியுங்கள். அந்த வாசனையும் வாந்தியைத் தூண்டும். மாத்திரை தேவைப்படுகிற பிள்ளை என்றால் எது, எவ்வளவு என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். சில மருந்துகள் இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. ஒரு நல்ல செய்தி: சென்னையிலிருந்து தென்காசி வரை மலைப்பாதையே கிடையாது. வளைவுகள் எல்லாம் செங்கோட்டைக்கு அப்பால், புளியரையில்தான் தொடங்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை முதல் வேளை வீட்டுச் சாப்பாடாக இருக்கட்டும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிக்கு ஈடாக ஒரு பயண உணவு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயில் ஏறும்போது ஊசிப்போகும். மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டுவதென்றால், நன்றாகக் குழைந்த சாதத்தில் காய்ச்சிய பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசைந்து கட்டுங்கள்; திருச்சி போய்ச் சேரும்போது புளிக்காமல் உறைந்திருக்கும். ஓட்டலில் சாப்பிடும்போது பிள்ளைகளுக்கு ஆவி பறக்க வருவதை மட்டும் வாங்கிக்கொடுங்கள். குடிதண்ணீர் வீட்டிலிருந்து, பெரிய கேனில்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) பொட்டலம் நான்கைந்து கையில் இருக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். அந்தப் பெயர் சாயலில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் மருந்து ஆகாது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு நாளைக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது.

கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்குகளையும் பெரிய ஓட்டல்களையும் நம்புங்கள். ஆனால் சிறு குழந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் கழிப்பு இருக்கையும் கவர்களும் வைத்திருப்பது நிம்மதி. நாலுவழிச் சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பிள்ளையை இறக்காதீர்கள். இறக்கியே ஆகவேண்டிய நிலைமை வந்தால் சாலையை விட்டு முழுதாக விலகி நிறுத்தி, இடப்பக்கக் கதவு வழியாக மட்டும் இறக்குங்கள்.

ஆறு எண்ணும் ஆட்டம்

செல்போனைப் பிடுங்கிவிட்டு அதற்குப் பதில் ஒன்றும் கொடுக்காவிட்டால் சண்டை வரும். இந்தப் பாதைக்கென்றே அமைந்த ஆட்டம் ஒன்று உண்டு: ஆறுகளை எண்ணுவது. செங்கல்பட்டுப் பக்கம் பாலாறு. விழுப்புரம் தாண்டித் தென்பெண்ணை. தொழுதூரில் வெள்ளாறு. திருச்சியில் கொள்ளிடமும் காவிரியும். மதுரையில் வைகை. தென்காசியில் சிற்றாறு. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஓடுகிறதா, மணல்தானா என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசியில் வரும் சிற்றாறுதான் குற்றாலத்தில் அருவியாக விழுவது, அது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் என்று சொன்னால், பிள்ளை எண்ணியதற்கு ஒரு அர்த்தம் கிடைக்கும்.

எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு நம்பர் பிளேட் ஆட்டம். டிஎன் 45 திருச்சி, 67 விருதுநகர், 72 திருநெல்வேலி, 79 சங்கரன்கோவில். முதலில் டிஎன் 76ஐக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. அது தென்காசியின் எண். 2019 நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டமாயிற்று என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

திருமங்கலத்தில் பெரிய சாலையை விட்டுப் பிரிந்து கொல்லம் சாலையைப் பிடித்தபின் பயணத்தின் குணமே மாறிவிடும். திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊருக்குள் ஊராகப் போகும் வழி இது. வலப்பக்கம் மேற்குத்தொடர்ச்சி மலை கூடவே வரும். பிள்ளைகளுக்கு இது அழகான கட்டம். ஓட்டுகிறவருக்கோ களைத்த நேரத்தில் வரும் கடினமான கட்டம். குறுக்கே பாயும் பைக், ஆட்டுமந்தை, பள்ளி விடும் நேரத்துச் சைக்கிள்கள், கேரளத்துக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகள். இருட்டுவதற்குள் தென்காசி போய்ச் சேரும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மதுரையை மூன்று மணிக்குமேல்தான் தாண்டுகிறீர்கள் என்றால் அன்றைக்கு மதுரையிலேயே தங்கிவிடுவதும் ஒரு யோசனை. திருவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு நிறுத்தும் இருபது நிமிடத்தை மட்டும் தாராளமாகக் கொடுக்கலாம்.

அருவிக்கரையில்

சேர்ந்த அன்றைக்குக் குளிக்க வேண்டாம். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனால் கூட்டமும் குறைவு, பிள்ளைகளும் தெளிவாக இருப்பார்கள்.

எந்த அருவி என்பது குழந்தையின் வயதைப் பொறுத்தது. நான்கைந்து வயதுக்குப் புலியருவியோ சிற்றருவியோ போதும். ஐந்தருவியில் ஓரத்துக் கிளை பரவாயில்லை. பேரருவியில் தண்ணீர் மேலே பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி அதற்கப்புறம்தான் கீழே வருகிறது. அப்படி வேகம் தணிந்து வருவதே ஒரு பெரிய ஆளின் கழுத்தை வளைக்கும் அளவுக்கு இருக்கும். சிறு பிள்ளையின் தலையை நேராக அதன்கீழ் காட்டாதீர்கள். முதுகைக் காட்டி, ஓரத்தில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பத்து நிமிடம் போதும். உதடு நீலம் பாரித்து உடம்பு நடுங்கினால் உடனே வெளியே கொண்டுவந்து, தலையைத் துவட்டி, காய்ந்த துணி மாற்றி, காதை மூட வேண்டும். செண்பகா அருவி, தேனருவியைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், போகாதீர்கள்; அவை காட்டுக்குள் இருப்பவை. மேக்கரைப் பக்கம் ஓடையைத் திருப்பி ஆட்கள் நடத்திவந்த தனியார் அருவிகள் உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். குழந்தைகளோடு அந்தப் பக்கமே வேண்டாம்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பதுதான் குற்றாலக் குளியல் என்று தாத்தாக்கள் சொல்வார்கள். இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எல்லாவற்றுக்கும் நீதிமன்றத் தடை உண்டு. தடை இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு எண்ணெய் பூசிவிடாதீர்கள். நனைந்த பாறையில், கொட்டும் தண்ணீரில், எண்ணெய் வழுக்கும் குழந்தையைப் பிடித்து நிற்பது நடக்கிற காரியமில்லை.

பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். எந்தப் பிள்ளை யாரோடு போகிறது என்பதை அறையிலேயே பேசி முடியுங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்பது கணக்கு. இரண்டு பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்வது அருவியில் முடியாது. ஒருவர் எப்போதும் கரையில் துண்டு, செருப்பு, போனோடு நிற்க வேண்டும். தண்ணீர்ச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்பதால், பிரிந்துபோனால் எங்கே வந்து நிற்பது என்று ஒரு இடத்தைப் பிள்ளைகளிடம் காட்டி வையுங்கள். குற்றாலநாதர் கோயில் வாசல் எல்லோருக்கும் தெரிந்த இடம். போன் எண் எழுதிய நனையாத பட்டை ஒன்றைப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டுங்கள்.

தண்ணீரின் நிறத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். தெளிந்து விழுந்தது கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, யாரும் சொல்வதற்காகக் காத்திராமல் வெளியே வந்துவிடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவு உண்டு. "ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்று உள்ளூரார் சொன்னால் அன்றைக்குக் குளியல் இல்லை என்று அர்த்தம். காவலர் விசில் ஊதிக் கயிறு கட்டிவிட்டால் அவரிடம் வாதாடாதீர்கள். சென்னையிலிருந்து வந்திருக்கிறோம் என்ற வாதத்தை அவர் தினமும் கேட்பவர்.

அப்படித் தடை போட்ட நாளில் பிள்ளைகளுக்குக் காட்ட இந்த வட்டாரத்தில் குறைவே இல்லை. தள்ளி நின்று அந்த ஆக்ரோஷத்தைப் பார்ப்பதே ஒரு காட்சி. சங்கு வடிவில் கட்டிய குற்றாலநாதர் கோயில், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபையின் சுவரோவியங்கள். தென்காசியில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் பிள்ளைகளை நிறுத்துங்கள். அங்கே அடிக்கிற காற்றே ஒரு விளையாட்டு. சுந்தரபாண்டியபுரத்தில் சீசன் சமயம் சூரியகாந்திப் பூத்திருக்கலாம். 'அந்நியன்' படத்துக்காக வண்ணம் பூசிய பாறைகளும் அங்கேதான். மழை தூறினால் அந்தப் பாறைகளில் ஏற விடாதீர்கள். ஐந்தருவி போகும் வழியில் படகுக் குழாமும் பூங்காவும். செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலையைக் காட்டி 1911இல் மணியாச்சியில் அவர் கலெக்டர் ஆஷைச் சுட்டதைச் சொல்லலாம். வாந்தி எடுக்காத பிள்ளைகள் என்றால் ஆரியங்காவு வழியாக மலை ஏறி, கழுதுருட்டிக்கு அருகே பதிமூன்று கண் ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம். புளியரை எஸ் வளைவில் லாரிகள் அடைத்துக்கொள்ளும், பொறுமை வேண்டும். திரும்பும்போது பிரானூரில் பார்டர் பரோட்டா. சால்னாவின் காரம் பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்குச் சர்க்கரை கேட்டு வாங்குங்கள்.

கடைவீதியில் ரம்புட்டான், மங்குஸ்தான், பலா எல்லாம் குவிந்திருக்கும். வழுக்கும் சதைக்குள் கொட்டை உள்ள ரம்புட்டான் சிறு குழந்தையின் தொண்டையில் சிக்குவதற்கென்றே அமைந்த பழம். கொட்டையை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்கிக் கொடுங்கள், ஓடும் வண்டியில் வேண்டவே வேண்டாம். பழப்பையைக் குழந்தையின் கையில் கொடுத்தால் குரங்கு பிடுங்கும். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். தென்காசியில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அதைவிடப் பெரிய தேவை என்றால் 55 கிலோமீட்டரில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆம்புலன்சுக்கு 108. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் உண்டு. பணத்துக்குப் பயந்து தாமதிக்க வேண்டியதில்லை.

திரும்பும் நாளைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசியாக ஒரு குளியல் போட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, திங்கள் காலை பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அருவியில் குளித்த உடம்புக்குச் சாப்பிட்டதும் தூக்கம் வரும், அது ஓட்டுநருக்கும் வரும். திங்கட்கிழமைக்கும் சேர்த்து விடுப்புக் கடிதத்தை ஊருக்குப் போவதற்கு முன்பே பள்ளியில் கொடுத்துவிடுங்கள்.